பன்னிரண்டாவது கேள்வி

மூன்றாம் மாடியில் வியாதிக்குப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சும்மா. நல்லா எழுதிக்கோ," என்றார் டிரைவர் பெரியப்பா. முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலையில் பேப்பர் வாங்க இறங்கி, ஏறி, மறந்துபோன தீப்பெட்டிக்காக மறுபடியும் இறங்குகிறவர்.

எதிர்வீட்டு பேக்கரி பெரியம்மா விடுவாளா? "அவருக்கு வெறும் முழங்கால்தான். எனக்கு முழங்கால், இடுப்பு, மூச்சு வாங்கறது, மூணும். தலைசுத்தலையும் சேர்த்துக்கோ. நேத்து பாதிப் படியில கண்ணு இருட்டிடுச்சு."

"நேத்து நீ இறங்கவே இல்லையே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். இறங்கியிருந்தா இருட்டியிருக்கும்."

வாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டங்களில் டிக் அடித்தாள். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராமல் மாடிக்கு மாடி ஓடித் திரிந்ததற்கு அந்தக் கட்டடமே கூடி வைத்த பெயர் அது. இருபத்துமூன்று வயதாகி, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகும் பெயர் அவளை விடவில்லை. பெரியவர்கள் யாருக்குக் கண்ணாடிக் காம்பு வளைந்தாலும், திருகாணி தொலைந்தாலும் அவள்தான் சரிசெய்து கொடுப்பாள். அதனால் எந்த வீட்டுக் கதவையும் அவள் இரண்டாவது முறை தட்ட வேண்டியிருந்ததில்லை.

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருத்தி கோந்து. பத்தொன்பது வயது, எந்தச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டுவாள், யாரிடமும் ஒட்டிக்கொள்வாள். இன்னொருவன் ஹெல்மெட். கூரியர் கம்பெனியில் வேலை. வீட்டுக்குள் வந்தாலும் தலையிலிருந்து அதைக் கழற்ற மாட்டான். "குளிக்கும்போதாவது கழட்டுவியாடா?" என்று பேக்கரி பெரியம்மா கேட்காத நாளில்லை.

மூவரும் வீடு வீடாக ஏறி இறங்கியது ஒரு லிப்டுக்காக. தரைத்தளத்தில் ஒரு கூடமும் கடைகளும். அதற்கு மேல் நான்கு மாடி, மாடிக்குப் பதினாறு வீடு, மொத்தம் எழுபத்திரண்டு படி. எல்லாமே வீட்டுவசதி அலுவலகத்தின் வாடகை வீடுகள். கட்டியவர்கள், குடிவருகிறவர்களுக்கு வயதே ஆகாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதைத் தொடங்கி வைத்தது அத்தான். வாலுவின் அத்தை மகன். வீட்டுவசதி அலுவலகத்தில் 'இளையோர் தலைமை' என்ற புதிய திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர். வருஷக் கடைசியில் இருவருக்கும் கல்யாணம் என்று அத்தையும் அம்மாவும் பேசி முடித்திருந்தார்கள். அம்மாவுக்கு அவன் வருகிறான் என்றாலே கை தானாக நாற்காலியைத் துடைக்கும்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவன் கண்ணாடிக் கடைக்கு வந்தான். வாலு ஒரு ஃப்ரேமின் காம்பைச் சூட்டில் இளக்கி வளைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தந்தக் கட்டடத்துப் பசங்களே முன்ன நின்னு அவங்க ஆளுங்களுக்கு வேண்டியதைச் செய்யணும். நாங்க பக்கத்துல நிப்போம், அவ்வளவுதான் திட்டம்," என்றான். "உங்க கட்டடத்துக்கு நீதான் லீடர்."

"வேற ஆளைப் பாருங்க அத்தான். நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"யாருக்கு, உனக்கா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு."

"நிஜமாத்தான்."

"மேடையில பேசறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க. தட்டினதும் அறுபத்துநாலு கதவும் திறக்கறது உனக்கு மட்டும்தான். உன்னால முடியும். எனக்குத் தெரியும்."

காம்பு ஆறிப்போய்விட்டது; மறுபடியும் சூடாக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த 'எனக்குத் தெரியும்' அவளுக்குள் ஆறவே இல்லை. அப்பா இல்லாத வீட்டில், பொத்தான் தைக்கும் தொழிற்சாலையில் நின்று நின்றே கால் வீங்கிய அம்மாவின் மகளாக வளர்ந்தவளிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'பார்த்து நடந்துக்கோ' என்றுதான் சொல்வார்கள்.

என்ன வேண்டும் என்று நாலு பேரைக் கேட்டாள். எல்லோரும் ஒரே குரலில் லிப்ட் என்றார்கள். அத்தான் பதினொரு கேள்விகளோடு ஒரு படிவம் அச்சடித்துக் கொண்டுவந்தான். "கொஞ்சம் கூட்டியே எழுதுங்க," என்றான் மூவரிடமும். "நூறு கேட்டா அம்பது கிடைக்கும். வலிக்குதுன்னு எழுதினா மாத்திரை தருவாங்க. முடியவே முடியலைன்னு எழுதினாத்தான் லிப்ட்."

அப்படித்தான் அந்தக் கட்டடத்தில் வியாதிகள் பெருகின. ஒருத்தர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர் ஒன்று கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரரைவிடத் தன் இடுப்பு மோசம் என்று நிரூபிப்பது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. வாலுவும் எழுதிக்கொண்டே போனாள். பொய் என்று தோன்றவில்லை. நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் மிளகாய் தூவுவதாகத்தான் தோன்றியது.

முப்பது வீடு முடிந்த சமயத்தில் அத்தான் புதுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி இருந்தது. 'இப்போதுள்ள மாடியில் தொடர்ந்து வசிக்க உங்களால் முடியுமா?' கீழே இரண்டு கட்டம்: முடியும், முடியாது.

"இது எதுக்கு அத்தான்?"

"மேல கேக்கறாங்க. இது இருந்தா கோரிக்கைக்குப் பலம். முடிச்ச முப்பது வீட்டுக்கும் போய் இதை மட்டும் கேட்டு வாங்கிடு, என் தங்கமில்ல."

தங்கம் போனாள். வேலை முடிந்து வந்த களைப்போடு முப்பது வீட்டுக்கும் மறுபடி ஏறினாள். எல்லோரும் 'முடியாது' என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார்கள். நான்காம் மாடிக் கடைசி வீட்டு டீச்சரம்மா மட்டும் பேனாவை வாங்கவில்லை. கணக்கு டீச்சராக இருந்தவர். உண்மையாகவே நடக்க முடியாதவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். கீழே இறங்கி எட்டு மாதமாகியிருந்தது.

"இதை யாரு சேர்த்தாங்க?"

"ஆபீஸ்ல டீச்சர். லிப்டுக்கு."

"லிப்டுக்குன்னா, லிப்ட் வேணுமான்னு கேக்கணும். இது வேற ஏதோ கணக்கு." அவரே படிவத்தை வாங்கி 'முடியும்' என்பதில் டிக் அடித்தார். "தவழ்ந்தாவது இருப்பேன். அப்படியே எழுதிக்கோ."

வாலுவுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஊரே ஒரு பக்கம் இழுக்க இவர் மட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கிறாரே என்று.

அடுத்த மாதம் அலுவலகச் சுவரொட்டியில் வாலுவின் படம் வந்தது. கையில் படிவக் கட்டு, முகத்தில் வெட்கம், கீழே 'இளம் தலைவி'. அம்மா அதைத் தொழிற்சாலைக்கே எடுத்துப்போய்க் காட்டினாள். கோந்து கட்டடம் முழுக்க ஒட்டினாள். ஹெல்மெட்டின் முதுகில்கூட ஒன்று ஒட்டியிருந்தது, அது தெரியாமல் அவன் ஊரெல்லாம் பார்சல் கொடுத்துவிட்டு வந்தான்.

அதற்கும் அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, மாடிப்படித் திருப்பத்தில் வேறொரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அது கோந்து ஒட்டியதல்ல.

வேலைக்குக் கிளம்பிய வாலு அதை நின்று படித்தாள். இக்கட்டடத்துப் பிள்ளைகளே முன்னின்று நடத்திய ஆய்வில், அறுபத்துநாலு வீட்டாரில் அறுபத்துமூன்று வீட்டார் மாடியில் தொடர்ந்து வசிக்க இயலாது எனக் கையொப்பமிட்டிருப்பதால், அவர்களின் நலன் கருதி அனைவரும் நகரின் எல்லையில் உள்ள ஒற்றைத்தள வீடுகளுக்கு மாற்றப்படுவர். கட்டடம் காலி செய்யப்பட்டு வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தரைத்தளக் கூடத்தில் தெரிவிக்கலாம். அடியில், ஆய்வுக் குழுத் தலைவி என்று போட்டு அவளுடைய கையெழுத்தின் நகல்.

எல்லை என்றால் இரண்டு பேருந்து மாறி, பிறகு ஒரு மைல் நடை. அம்மாவின் தொழிற்சாலை வேலை போகும். டிரைவர் பெரியப்பாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இருக்காது.

பின்னால் பேக்கரி பெரியம்மா படியிறங்கி வந்தாள். அவளும் படித்தாள், உதடு அசைய, மெதுவாக. பிறகு வாலுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களைக் காலி பண்ணவாடி கணக்கெடுத்த?"

"பெரியம்மா, சத்தியமா எனக்கு..."

"உனக்குன்னு நினைச்சுத்தானே வாயில வந்த வியாதியெல்லாம் சொன்னேன்? வேற எவளாவது வந்து கேட்டிருந்தா கதவைத் திறந்திருப்பேனா?"

வாலு கடைக்குப் போகவில்லை. நேரே அத்தானின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே லிப்ட் இருந்தது; அதில் ஏறப் பிடிக்காமல் ஐந்து மாடியும் படியிலேயே ஏறினாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து, யாரும் கவனிக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போனான். அந்த ஒரு சுற்றுப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

"முதல்ல தெரியாது. அம்மா மேல ஆணையாத் தெரியாது."

"எப்ப தெரியும்?"

அவன் ஒரு கோப்பின் நாடாவை விரலில் சுற்றினான். "நீ முப்பது வீடு முடிச்சிருந்தப்ப."

"அப்போ அந்தப் பன்னிரண்டாவது கேள்வி?"

"நான் யோசிச்சதில்ல. மேல எழுதிக் கொடுத்தாங்க. நான் டைப் பண்ணினேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். டைப் பண்ணி, அச்சடித்து, கையில் கொடுத்து, என் தங்கமில்ல என்று சொல்லி, களைத்த காலோடு முப்பது வீட்டுக்கும் திரும்ப ஏற வைத்து. வேலியை நம்பித்தான் பயிர் வைத்திருந்தாள். மேய்ந்தது யார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு? எதிர்த்துப் பேசியிருந்தா என்னை மாத்தியிருப்பாங்க. கல்யாணம் வருது..."

"சனிக்கிழமை வாங்க," என்றாள். "ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லுங்க. கூட்டி எழுதச் சொன்னது நீங்க. அந்தக் கேள்வியை நடுவுல சேர்த்தது ஆபீஸ். அதுபோதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்."

நாடாவை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டு, "சொல்றேன்," என்றான். அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டும் ஒரு முறை சொன்னான். "கண்டிப்பாச் சொல்றேன்."

அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்து நம்பிப் பழகியதை நாலு நாளில் விட்டுவிட முடிகிறதா?

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் அத்தானின் மேலதிகாரி, ஐம்பது வயதுப் பெண். கண்ணாடி மூக்கில் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் கொடுத்தால் சரிசெய்துவிடலாம் என்று வாலுவின் கை பழக்கதோஷத்தில் நினைத்தது. பக்கத்தில் அத்தான், இஸ்திரி போட்ட சட்டையில், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டிரைவர் பெரியப்பா முதலில் எழுந்தார். "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. தினம் ரெண்டு தடவை ஏறி இறங்கறேன். வேணும்னா இப்பவே ஓடிக் காட்டட்டா?"

அதிகாரி படிவத்தைப் புரட்டினாள். "ரெண்டு முழங்காலும் செயலிழந்ததுன்னு இருக்கே. இது உங்க கையெழுத்துதானே?"

பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்து எழுந்த எல்லோரையும் அந்தப் படிவங்களே உட்கார வைத்தன.

வாலு எழுந்தாள். நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. "மேடம், இது கூட்டி எழுதினது. எழுதச் சொன்னதும் அந்தக் கடைசிக் கேள்வியைக் கொண்டு வந்ததும் ஆபீஸ்தான். உங்க பக்கத்துல இருக்கறவருக்குத் தெரியும். கேளுங்க."

கூடமே அத்தானைப் பார்த்தது. பின்வரிசையில் அம்மா, அவன் பேசப்போகிறான் என்ற நிம்மதியோடு நின்றிருந்தாள். அவன் எழுந்தான். வாலுவைப் பார்க்கவில்லை. கோப்பையே பார்த்தபடி பேசினான்.

"ஆய்வை நடத்தினது முழுக்க முழுக்க இளைஞர்கள் மேடம். திட்டத்தோட நோக்கமே அதுதான். அலுவலகம் வழிகாட்டுதல் மட்டும்தான் கொடுத்தது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சட்டையில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

"டேய்!" என்று ஹெல்மெட் பின்னாலிருந்து கத்தினான். கோந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வாலு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"நாங்க கேட்டது வீடு மாத்த இல்ல மேடம். லிப்டுக்குத்தான். உங்க கோப்புல லிப்ட் கோரிக்கை இருக்குமே, அதைப் பாருங்க."

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். அவள் நடிக்கவில்லை; உண்மையாகவே தேடினாள். "லிப்டா? எந்த லிப்ட்? அப்படி ஒரு கோரிக்கை எங்களுக்கு வரவே இல்லையேம்மா."

வாலு அத்தானைப் பார்த்தாள். அவன் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. ஆக, நடுவில் வந்த கேள்வி மட்டுமல்ல. ஆரம்பமே இல்லாத ஒன்று. அனுப்பாத கோரிக்கைக்காக அவள் எழுபத்திரண்டு படிகளை எத்தனை முறை ஏறினாள் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

இனி இந்தப் படிவங்களை வெட்டுவதற்கு ஒரே ஒரு கத்திதான் இருந்தது. அது அவள் கழுத்துக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்படின்னா எழுதிக்கோங்க மேடம்," என்றாள். "ஆய்வு பொய். எழுதினது நான். ஆரோக்கியமா இருக்கறவங்களை முடியாதவங்கன்னு எழுதினது நான்தான். தலைவின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் இல்ல? அந்தக் கையெழுத்துலயே இதையும் போட்டுத் தர்றேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்க மேல நடவடிக்கை வரலாம். இனி எந்தத் திட்டத்துலயும் உங்க பேர் இருக்காது."

"காகிதம் கொடுங்க மேடம்."

அவள் மேசையில் குனிந்து எழுதினாள். பேனா எழுதாமல் அடம்பிடித்தது. வேறு பேனாவை நீட்டியது அத்தானின் கை. அதை வாங்காமல், அடம்பிடித்த பேனாவையே உதறி உதறி எழுதி முடித்தாள். தனக்குக் கூட்டி எழுதச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அதில் ஒரு வரி எழுத நினைத்தாள். எழுதவில்லை. அவனை விட்டுவைப்பதற்காக இல்லை. அவன் பெயர் வந்தால் விசாரணை அவனைச் சுற்றிப் போய்விடும், வீடுகள் அந்தரத்தில் நிற்கும்.

ஆய்வு ரத்து என்று அதிகாரி எழுதினாள். வீடு மாற்றம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்படும். ஒரு மாதம் கழித்து மருத்துவரோடு அலுவலகமே வந்து பார்க்கும். அதுவரைக்கும்தான் உத்தரவாதம்.

கூட்டம் கலைந்தபோது சிலர் வாலுவின் தோளைத் தட்டினார்கள். சிலர் தட்டவில்லை. பேக்கரி பெரியம்மா அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பாமலே சொன்னாள்: "ஆயிரம் இருந்தாலும் ஒத்துக்கிட்டே. ஆனா இனிமே ஏதாவது எழுதணும்னா அந்தக் கோந்துப் பொண்ணை அனுப்பு. உன்னைப் பார்த்தா எனக்கு வாய் வராது."

அடித்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

கோந்து அருகில் வந்தாள். "அக்கா, லிப்டுக்கு நாமளே நேரா மனு போடலாம். உள்ளதை உள்ளபடி. டீச்சரம்மா வீட்டுலேருந்து ஆரம்பிக்கலாமா?"

"நீ ஆரம்பி. என்ன கேக்கணும்னு டீச்சரையே கேளு," என்றாள் வாலு. "நீ எங்க நிக்கச் சொல்றியோ அங்க நான் நிக்கறேன்."

அத்தான் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அம்மா கதவைத் திறந்தாள்; நாற்காலியைத் துடைக்கவில்லை. உட்காரு என்றும் சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே பேசினான்.

"உன் கோபம் நியாயம்தான். ஆனா யோசிச்சுப் பாரு. ரெண்டு பேரும் மாட்டிக்கறதுக்குப் பதிலா ஒருத்தராவது தப்பிக்கணும் இல்ல? என் வேலை இருந்தாத்தானே நாளைக்கு உனக்கு ஏதாவது பண்ண முடியும்? லிப்ட் கோரிக்கையை அனுப்பணும்னுதான் நினைச்சேன். இங்க லிப்ட் வைக்க மாட்டாங்கன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. அதைச் சொன்னா நீ வரமாட்டியேன்னுதான்..."

"அதையெல்லாம் விடுங்க," என்றாள் வாலு. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைக்கு வந்து, என்னால முடியும்னு சொன்னீங்களே, அது நிஜமா? இல்ல, அதுவும் திட்டத்துக்கு ஆள் வேணும்னு சொன்னதா?"

அவன் முகம் மாறியது. "நிஜம்தான். அது மட்டும் சத்தியமா நிஜம். இன்னிக்குப் பார்த்தேன்ல?"

உண்மையாகவே சொன்னான் போலத்தான் இருந்தது. கண்கூடக் கலங்கியிருந்தது. ஆனால் அவள் அந்த வார்த்தையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழியும் மிச்சமில்லை. அவன் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

"போயிட்டு வாங்க அத்தான்," என்றாள்.

வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். பிறகு இறங்கிப் போனான். அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் இரண்டு முறை நடந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் அம்மாவின் கைபேசி அடித்தது.

"உன் அத்தைடி. மண்டபத்துக்கு நாள் கேக்கறேன்னு சொல்லியிருந்தா. நான் என்னன்னு சொல்ல? பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணன் பொண்ணுன்னு உயிரையே விடறா."

வாலு கையை நீட்டினாள். "குடும்மா. நானே சொல்றேன்."

அம்மா கொடுக்கத் தயங்கினாள். அடித்து ஓயப்போகிற நேரத்தில் கொடுத்துவிட்டாள்.

"அத்தை, நான்தான்," என்றாள் வாலு. "வேலையா இருக்கீங்களா? கொஞ்சம் உட்காருங்க அத்தை. நான் ஒண்ணு சொல்லணும். கூட்டாம குறைக்காமச் சொல்றேன்."